வீட்டுத் தயிர்: பால் காய்ச்சுவது முதல் நெய் உருக்குவது வரை

தயிர் சரியாக உறையாத நாளில் பழி முதலில் பால்காரர் மேல் விழுகிறது, அடுத்ததாக உறைமோர் மேல் விழுகிறது. இவ்விரண்டும் காரணமாக இருப்பது உண்டு என்றாலும், தயிரின் பக்குவத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சூடுதான். பாலை எவ்வளவு நேரம் காய்ச்சினோம், எந்தச் சூட்டில் உறை ஊற்றினோம், உறைந்து முடியும் வரை அந்தச் சூடு நின்றதா என்னும் மூன்றையும் கவனித்துக்கொண்டால், விலை குறைந்த பாக்கெட் பாலிலேயே கரண்டியால் வெட்டியெடுக்கும் தயிர் அன்றாடம் கிடைக்கும். இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் விரிவாக விளக்கிவிட்டு, தயிரிலிருந்து மோர், வெண்ணெய், நெய் எனத் தொடரும் வேலைகளையும் சொல்கிறது.

பாலைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டில் ஆவின் பாக்கெட்டின் நிறத்தைச் சொன்னாலே பாலின் தன்மை புரிந்துவிடும். நீல நிறப் பாலில் 3 சதவீதமும், பச்சை நிறப் பாலில் 4.5 சதவீதமும், ஆரஞ்சு நிறப் பாலில் 6 சதவீதமும் கொழுப்பு உண்டு. கொழுப்பு கூடக் கூடத் தயிர் கெட்டியாகும் என்று பலரும் நம்புகிறார்கள். கொழுப்பு தருவது முக்கியமாக வழவழப்பும் சுவையும்தான். கெட்டித்தன்மைக்குப் பெரும்பங்கு பாலிலுள்ள புரதத்துடையது. ஆகவே நீல நிறப் பாலில் கெட்டித் தயிர் வேண்டுவோர், ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரைச் சிறிது ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்து, காய்ச்சும்போதே சேர்த்துவிடலாம். ஆரஞ்சுப் பால் வாங்குவதைவிட இது சிக்கனம்.

கறந்த பால் வாங்குபவர்கள் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பும் புரதமும் மிகுதி என்பதால் தயிர் கட்டியாக நிற்கும். பசும்பால் தயிர் சற்று இளகியே இருக்கும். அது குறைபாடு அன்று. கறந்த பாலில் இன்னொரு சிக்கலும் உண்டு. மடிநோய்க்காக மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட நாட்களில் கறக்கும் பாலில் மருந்தின் எச்சம் இருக்கும். அந்த மருந்து உறைமோரில் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் வளரவிடாது. எல்லாம் சரியாகச் செய்தும் தொடர்ந்து ஓரிரு நாட்கள் பால் உறையவே மறுத்தால், பால் தருபவரிடம் மாட்டுக்கு ஏதேனும் வைத்தியம் நடக்கிறதா என்று கேட்பது நல்லது. கறந்த பாலைக் காய்ச்சாமல் உறை ஊற்றுவது கூடாது. காசநோய், புரூசெல்லா காய்ச்சல் போன்றவை காய்ச்சாத பால் வழியாகப் பரவக்கூடியவை.

காய்ச்சுதல்

பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்சரைஸ் செய்யப்பட்டதுதானே, வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றினால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. பாஸ்சரைஸ் செய்யும்போது பாலை வழக்கமாக 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 விநாடிகள் மட்டுமே வைக்கிறார்கள். கிருமிகளை அழிக்க அது போதும். நல்ல தயிருக்குப் போதாது. பாலில் கேசீன் என்ற புரதத்தோடு மோர்ப் புரதங்களும் உள்ளன. 80 டிகிரிக்கு மேல் சில நிமிடங்கள் சூடேறும்போது இந்த மோர்ப் புரதங்கள் தம் வடிவம் குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்கின்றன. பின்னர்ப் பால் புளித்து உறையும்போது புரத வலை நெருக்கமாகப் பின்னப்படுவதால், தண்ணீர் பிரியாமல் உள்ளேயே நிற்கிறது. பொங்கியவுடன் அடுப்பை அணைத்துவிடும் வீடுகளில் தயிர் நீர்விட்டுக் கிடப்பதற்கு இதுவே முதற்காரணம்.

செய்ய வேண்டியது எளிது. அடி கனமான பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடே பாலை ஊற்றினால் அடிப்பிடிப்பது குறையும். பால் பொங்கி வந்ததும் தீயைச் சிறிதாக்கி, எட்டு முதல் பத்து நிமிடங்கள் வரை அவ்வப்போது அடியோடு துழாவிக் காய்ச்ச வேண்டும். இந்த நேரத்தில் பால் சற்றுச் சுண்டவும் செய்யும்; அதுவும் தயிருக்கு நல்லதே. அடிப்பிடித்த வாடை ஏறிய பாலை உறை ஊற்றுவதில் பயனில்லை. உறைந்த பின் அந்த வாடை குறைவதில்லை.

ஆறவைத்து உறை ஊற்றுதல்

வேலை முழுவதற்கும் நடு முனை இதுதான் என்பதால் இங்கே அவசரம் ஆகாது. உறைமோரில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸை உண்டு, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் ஏற ஏறப் பாலின் பிஎச் அளவு 6.6 அளவிலிருந்து கீழிறங்கி, 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் முழுதும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு உறைகிறது. இந்த உயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்வது 38 முதல் 43 டிகிரி வரையிலான சூட்டில். 50 டிகிரியைத் தாண்டிய பாலில் உறை ஊற்றினால் அவற்றில் பல மடிந்துவிடும். நன்றாக ஆறிப்போன பாலில் ஊற்றினால் அவை மந்தமாகி, அந்த இடைவெளியில் வேண்டாத நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளும். தயிர் நூல்நூலாக இழுபடுவதும் வழுவழுவென்று கொழகொழப்பதும் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

வெப்பமானி இல்லாத அடுக்களையில் விரலே அளவுகோல். கை கழுவித் துடைத்துவிட்டுச் சுண்டுவிரலைப் பாலில் முதல் கணு மூழ்கும் வரை விட வேண்டும். விரலை உடனே எடுக்கத் தோன்றினால் இன்னும் ஆற வேண்டும். பத்து எண்ணும் வரை சுகமாக வைத்திருக்க முடிந்து, அதே சமயம் சூடு தெளிவாக உறைத்தால் அதுவே பதம். சூடே தெரியவில்லை என்றால் பாலை மீண்டும் அடுப்பில் வைத்து இளஞ்சூடாக்கிக்கொள்ள வேண்டும். மேலே ஆடை படிந்திருந்தால் ஆடைக்குக் கீழே பால் இன்னும் சூடாக இருக்கும்; ஆகவே ஒருமுறை கலக்கிவிட்டுப் பார்ப்பது அவசியம். சித்திரை வெயிலில் 38 டிகிரி அளவுக்கு ஆறவிட்டும், மார்கழிப் பனியில் 43 டிகிரி அளவிலேயேயும் ஊற்றலாம்.

ஒரு லிட்டர் பாலுக்குக் கோடையில் ஒரு தேக்கரண்டி உறைமோர் தாராளம்; குளிர் நாட்களில் ஒரு மேசைக்கரண்டி வரை போகலாம். கெட்டியாக வேண்டும் என்று ஒரு குழிக்கரண்டித் தயிரைக் கொட்டுவது வீண். உறை மிகுந்தால் அமிலம் விரைவாக ஏறி, தயிர் புளித்து, திரித்திரியாக நீர்விடும். முந்தைய நாள் தயிரில் புளிப்பேறாத நடுப்பகுதியை எடுத்து, சிறிது பாலில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தப் பாலிலும் ஒரே சீராகக் கலக்க வேண்டும். இரண்டு பாத்திரங்களுக்கிடையே இரண்டு மூன்று முறை மாற்றி ஆற்றுவது பழைய வழக்கம். அதனால் உறை நன்றாகக் கலக்கிறது. மேலே நுரையும் நிற்கிறது.

வீட்டில் உறையே இல்லாவிட்டால், காம்போடு கூடிய நாலைந்து பச்சை மிளகாய்களைக் கழுவி, இளஞ்சூடான ஒரு கிண்ணம் பாலில் காம்பு மூழ்கப் போட்டு வைப்பார்கள். மிளகாய்க் காம்பில் இயல்பாகவே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருப்பதால் பால் மெதுவாக உறையும். அரை நாள் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். இந்த முதல் தயிரைச் சாப்பிடுவதற்கென்று எண்ணாமல், அடுத்த பாலுக்கு உறையாக மட்டும் பயன்படுத்த வேண்டும். இரண்டாம் மூன்றாம் முறைகளில்தான் சுவை சீராகும். புளியோ எலுமிச்சையோ விட்டால் பால் திரியும்; அது தயிராகாது.

உறையும் பாத்திரமும் இடமும்

மண் சட்டியில் உறைந்த தயிரின் சுவையைப் பற்றிச் சொல்வதில் மிகையில்லை. மண் நீரைச் சற்று உறிஞ்சுவதால் தயிர் இறுகுகிறது; வெளிப்புறம் நீர் ஆவியாவதால் உறைந்த பின்னும் குளிர்ச்சியாக இருந்து, புளிப்பு மெதுவாகவே ஏறுகிறது. ஆனால் மண் சட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது; சோப்பையும் அது உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். மண் சட்டி வசதிப்படாதவர்களுக்குப் பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் ஆகியவை ஏற்றவை. ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் தயிர் களிம்பேறும். அலுமினியத்திலும் புளிப்புப் பொருளை வைக்க வேண்டாம்.

உறை ஊற்றிய பாத்திரத்தை அசைக்காமல் ஓரிடத்தில் வைக்க வேண்டும். பாதி உறைந்த நிலையில் ஆட்டினால் புரத வலை அறுந்து, நீர் பிரிந்துவிடும். சென்னைக் கோடையில் நான்கைந்து மணி நேரத்தில் தயிர் உறைந்துவிடும் என்பதால், இரவு பத்து மணிக்கு உறை ஊற்றிக் காலை ஏழு மணிக்குத் திறப்பவர்களுக்குக் கிடைப்பது புளித்த தயிர்தான். அவர்கள் மாலையிலேயே ஊற்றி, உறைந்ததும் படுக்கப் போகுமுன் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சிக்கல் நேர்மாறானது. அங்கே சாதம் சூடாக வைக்கும் ஹாட்பேக்கிலோ, கம்பளித் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தோ, விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள்ளோ வைத்துச் சூட்டைக் காக்க வேண்டியிருக்கும். தயிர் தயாரா என்று விரலை விட்டுப் பார்ப்பது வேண்டாம். பாத்திரத்தை மெல்லச் சாய்த்தால், உறைந்த தயிர் ஓரத்தை விட்டு ஒரே கட்டியாக நகரும். பாலாக இருந்தால் மேற்பரப்பு மட்டும் அலையும். உறைந்ததும் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மேலும் இறுகும்.

தயிர் மேல் சிறிது தெளிந்த நீர் நிற்பது குற்றமல்ல. அதில் புரதமும் தாது உப்புகளும் உள்ளன. கொட்டாமல் சப்பாத்தி மாவிலோ ரசத்திலோ சேர்க்கலாம். கரண்டி போட்ட குழியில் நீர் ஊறுவதும் இயல்பே.

உறையைக் காப்பாற்றுதல்

நல்ல உறை ஒரு வீட்டின் சொத்து. தயிரை உறைய வைக்கும்போதே ஒரு சிறு கிண்ணத்தில் தனியாக ஊற்றி, அதை வேறெதற்கும் தொடாமல் மூடி வைப்பது மிகச் சிறந்த வழி. சாப்பாட்டு மேசைக்குப் போய், பல கரண்டிகள் பட்டுத் திரும்பிய தயிரிலிருந்து உறை எடுப்பதால்தான் பல வீடுகளில் சுவை நாளுக்கு நாள் மாறுகிறது. வெளியூர் போகிறவர்கள் ஐஸ் தட்டில் ஊற்றி ஃபிரீசரில் வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் ஒரு கட்டியை எடுத்து அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் ஒரு கிண்ணம் பாலில் மட்டும் உறை ஊற்றிப் பார்க்க வேண்டும். அது நன்றாக உறைந்தால் அடுத்த நாள் முழுப் பாலுக்கும் பயன்படுத்தலாம். உறை மிகவும் புளித்து, சீர்செய்ய முடியாமல் போனால், பிடிவாதம் பிடிக்காமல் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

மோர்

தயிர் ஒரு பங்கென்றால் தண்ணீர் மூன்று பங்கு என்பது அன்றாட மோருக்கு ஏற்ற அளவு. தண்ணீர் சேர்ப்பதற்கு முன் தயிரை மட்டும் மத்தால் சிலுப்பிவிட்டு, பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டால் திப்பி இருக்காது. ஒரு லிட்டர் நீர்மோருக்கு ஒரு சிறு துண்டு இஞ்சி, பாதிப் பச்சை மிளகாய், ஐந்தாறு கறிவேப்பிலை, சிறிது கொத்தமல்லித் தழை ஆகியவற்றைத் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் அளவாக உப்பும் சேர்க்க வேண்டும். மிக்ஸியில் விழுதாக அரைத்தால் இஞ்சியின் காரம் தூக்கலாகிவிடும். அம்மியிலோ சிறு உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டி, கால் மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டினால் மணம் மட்டும் இறங்கும். ராம நவமிக்குப் பானகத்தோடு விநியோகிக்கும் நீர்மோரும், மதுரைச் சித்திரைத் திருவிழாவின் பந்தல்களில் ஊற்றும் மோரும் ஏறக்குறைய இந்தப் பக்குவம்தான். தாளிப்பது அவரவர் விருப்பம். கடுகு தாளித்த மோரைவிடத் தாளிக்காத மோரே வெயிலுக்கு இதமானது என்பது என் கருத்து.

புளித்துப்போன தயிர்

புளித்த தயிர் வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; மோர்க்குழம்புக்கு அதுதான் வேண்டும். அதில் பலரும் தடுமாறுவது தயிர் திரிவதில். புளிப்புத் தயிரைத் தனியே கொதிக்கவிட்டால் புரதம் சுருங்கி, கட்டிகட்டியாகப் பிரிந்துவிடும். அதைத் தடுப்பது அரைத்துவிடும் விழுதில் உள்ள மாவுப்பொருள். ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பும் ஒரு தேக்கரண்டி பச்சரிசியும் அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், இஞ்சி ஆகியவற்றோடு நைசாக அரைத்து, கடைந்த இரண்டு கிண்ணம் தயிரில் அடுப்பில் வைக்கும் முன்பே கரைத்துவிட வேண்டும். வேகவைத்த வெண்டைக்காயோ பூசணியோ இருக்கும் பாத்திரத்தில் இதை ஊற்றிச் சிறு தீயில் துழாவிக்கொண்டே இருந்தால், ஓரங்களில் நுரை கட்டி மேலெழும்பும். தளதளவென்று கொதிக்க விடாமல் அந்தக் கணத்திலேயே இறக்கிவிட வேண்டும். அரிசி மாவைப் புளித்த மோரில் கரைத்துக் கிளறும் மோர்க்களியும், உப்பிட்ட மோரில் ஊறவைத்துக் காயவைக்கும் மோர் மிளகாயும் இதே புளிப்பை நம்பியவை.

தயிர் சாதம் மதிய டப்பாவுக்குப் போவதாக இருந்தால் கணக்கு வேறு. குழைய வடித்த சூடான சாதத்தை மசித்து, காய்ச்சிய பாலை நிறைய விட்டுத் தளர்த்தி, ஆறியதும் ஒரே ஒரு கரண்டித் தயிர் சேர்த்தால், சாப்பிடும் நேரத்தில் புளிக்காமல் பதமாக இருக்கும். மாதுளையும் திராட்சையும் போடுவதாக இருந்தால் உண்ணும்போது போட்டுக்கொள்வது நல்லது.

வெண்ணெயும் நெய்யும்

ஒரு லிட்டர் ஆரஞ்சுப் பாலில் இருப்பதே சுமார் 60 கிராம் கொழுப்புதான் என்பதால், வீட்டில் நெய் எடுப்பவர்கள் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. ஹோமோஜினைஸ்டு என்று அச்சிட்ட பாக்கெட் பாலில் கொழுப்புத் துளிகள் ஏற்கெனவே நுண்ணியதாக உடைக்கப்பட்டிருப்பதால் ஆடை சரியாகப் படியாது. கறந்த பாலே இதற்கு ஏற்றது. தினமும் தயிரின் மேலாடையை எடுத்து மூடியுள்ள பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் சேர்த்து, ஒரு வாரத்துக்குள் கடைந்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் கசப்பேறும். கடையும்போது குளிர்ச்சி முக்கியம். வெயில் நேரத்தில் ஐஸ் தண்ணீர் விட்டே கடைய வேண்டும். முதலில் நுரை பொங்கும். பிறகு மத்தின் பற்களில் கடுகளவு மணிகள் ஒட்டத் தொடங்கும். அதன்பின் அவை திரண்டு மிதக்கும். திரளும் வேளையில் வெந்நீர் விட்டுக் கெடுத்துக்கொள்ளாமல், குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசி மோர் வாசம் போக்கினால் நெய் நெடுநாள் கெடாது.

வெண்ணெயைச் சிறு தீயில் வைத்தால் சடசடவென்ற ஓசையோடு அதிலுள்ள நீர் வெளியேறும். ஓசை அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகி, மேலே மெல்லிய நுரை படரும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு உடனே இறக்கிவிட வேண்டும். பாத்திரத்தின் சூட்டிலேயே மீதிப் பக்குவம் வந்துவிடும். முழுதும் ஆறும் முன், ஈரமில்லாத பாட்டிலில் வடிகட்டிக்கொள்ளலாம்.

உடல்நலம் சார்ந்த சில குறிப்புகள்

நூறு கிராம் தயிரில் ஏறத்தாழ மூன்றரை கிராம் புரதமும் நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் கிடைக்கின்றன. பால் குடித்தால் வயிறு உப்புபவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்பே உண்டுவிடுவதும், மீதியைச் செரிக்க அவை துணை செய்வதும் இதற்குக் காரணம். மோர்க்குழம்பாகச் சூடாக்கினால் புரதமும் கால்சியமும் அப்படியே இருந்தாலும், அந்த உயிர்கள் இருக்காது. இரவில் தயிர் ஆகாது என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தயிரைப் படுக்கப்போகும் நேரத்தில் உண்பது சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது உண்மை. ஆனால் தயிர் சளியை உண்டாக்குவதில்லை. சளி வைரஸால் வருவது. ஒத்துக்கொள்பவர்கள் இரவில் மோராக்கிச் சாப்பிடலாம்.

ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தயிரோடும் மோரோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. கால்சியம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது நல்லது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தயிர் சாதத்தில் சிக்கல் இல்லை. தொட்டுக்கொள்ளும் ஊறுகாயிலும் வறுத்த மோர் மிளகாயிலும் உள்ள உப்புதான் கணக்கில் வர வேண்டியது. சிறுநீரக நோய்க்கு உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கின்போது மோர் உதவும் என்றாலும், குழந்தைகளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ்-க்கு அது மாற்றாகாது.

ஃபிரிட்ஜில் வைத்த வீட்டுத் தயிரை நான்கைந்து நாட்களுக்குள் முடித்துவிடலாம். புளிப்பு ஏறியது மட்டும் என்றால் சமைக்கலாம். மேற்பரப்பில் இளஞ்சிவப்பு, பச்சை, கறுப்பு எனப் புள்ளிகள் தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தாமல் முழுவதையும் கொட்டிவிட்டு, பாத்திரத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, வேறு வீட்டு உறையில் புதிதாகத் தொடங்க வேண்டும்.